இல்லாத விமானத்துக்கு ஒரு நீலம்

ஆம்பூர் பஜாரில் யாராவது ஆபேலைப் பார்த்து, "சேப்பு சட்ட நல்லாருக்கே" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டால் போதும், மனிதர் அங்கேயே நின்றுவிடுவார். "எந்தச் சேப்பு?" என்பார். செங்கல் சிவப்பா, மாதுளைச் சிவப்பா, காய்ந்த மிளகாய்ச் சிவப்பா, இல்லை அதே மிளகாயை ஊறப்போட்ட பிறகு வருகிற சிவப்பா? பேச்சுக் கொடுத்தவர் பஸ்ஸை விட்டதுதான் மிச்சம்.

பெருமைக்காக அவர் இப்படிச் செய்யவில்லை. தொழில் அப்படி. ஒரு தோல் கம்பெனியின் பினிஷிங் பிரிவில் கலர் சேர்க்கிற மேஜை அவருடையது. தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு தோல் துண்டை அனுப்பி, இதே நிறத்தில் ஒரு லாட் தோல் வேண்டும் என்பான். அந்தத் துண்டுக்கு ஸ்வாட்ச் என்று பெயர். ஆபேல் டப்பாக்களைத் திறந்து, கிண்ணத்தில் துளித்துளியாகக் கலந்து, ஒரு தோலில் தடவிக் காயவைத்து, ஸ்வாட்சைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பார்ப்பது என்றால் உட்கார்ந்த இடத்தில் பார்ப்பது அல்ல. ஹாலின் வடக்குச் சுவரில் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. வெயில் நேராக விழாத, வஞ்சனை இல்லாத வெளிச்சம் அங்கேதான் கிடைக்கும். துண்டை அந்த ஜன்னலுக்குக் கொண்டுபோய், மடக்கி, சாய்த்து, தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். ஜன்னலுக்குப் போகாமல் கலருக்குப் பதில் சொல்வது, குழம்பை நாக்கில் வைக்காமல் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி. பினிஷிங்கில் அப்படி ஒருத்தன் சொன்னால் அவனை அன்றோடு யாரும் கலர் கேட்க மாட்டார்கள்.

ஆபேல் கிண்ணத்தில் கலந்ததை பக்கெட் கணக்கில் பெருக்கித் தோல் மேல் அடிக்கிறவர் மஹபூப் பாஷா. ஸ்ப்ரே மெஷின் அவர் பொறுப்பு. இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டீயை இரண்டு கிளாஸில் பங்கு போட்டுக் குடித்தவர்கள். ஆபேல் அவரை 'பாய்' என்பார், அவர் ஆபேலை 'தோஸ்த்' என்பார். சண்டை வந்தால் மட்டும் இருவருக்கும் பெயர் ஞாபகம் வரும்.

ஆபேலுக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர் கன்னியப்பன். அவருக்குக் கண் மங்கிப்போய், ஏற்றுமதிக்குப் போன பழுப்பு லாட் ஒன்று திரும்பி வந்தபோது, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். மரியாதையில் குறை வைக்கவில்லை. பெருநாளைக்கு எல்லோருக்கும் போல அவருக்கும் பிரியாணி போனது. ஆனால் ஆபேல் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் கன்னியப்பன், "இன்னிக்கு இன்னா கலரு ஓடுது ஆபேலு?" என்று கேட்பார். பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க ஆபேலால் முடியாது. அந்த ஸ்டூலைத் தாண்டும்வரை நடையை எட்டிப் போடுவார்.

விமானம் அவரிடம் வந்து சேர்ந்த கதை இது. தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம் ஒரு கெமிக்கல் கம்பெனி, டீட்டர் என்ற ஜெர்மன்காரரை பினிஷிங் சொல்லிக்கொடுக்க அனுப்பியது. ஆளைப் பார்த்தால் கதவு நடந்து வருகிற மாதிரி இருக்கும். சாயங்காலங்களில் கெஸ்ட் ஹவுஸில் பொழுது போகாதே என்று ஊரிலிருந்தே ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தார். ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் விமானம். ஆனால் முதலாளி நயீம் அகமது வீட்டிலிருந்து தினமும் சாப்பாடு போனது. ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காய் பச்சடியும் சாப்பிட்ட பிறகு விமானம் செய்கிற தெம்பு யாருக்கு வரும்? பெட்டி திறக்கப்படாமலே கிடந்தது. திரும்பிப் போகும்போது பையில் இடம் இல்லாமல், அதை ஆபேல் கையில் கொடுத்துத் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆபேல் அதைக் கொண்டுவந்து வீட்டு அலமாரி மேல் வைத்தார். அங்கே அது இரண்டு வருஷம் தூசி தின்றது.

மகள் ரெனிட்டா நர்சிங் படிக்க வேலூர் போய் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகுதான் பெட்டி கீழே இறங்கியது. ஆபேல் வேலை செய்த கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆராதனைக்கு ஓடி, போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் பறக்கிற கிறிஸ்தவர்களில் அவர் ஒருவர். வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு, ஆனால் மனைவி ஹெலனுக்கு அன்று பள்ளிக்கூடம் உண்டு, அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர். மகளும் இல்லாத வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆபேல், நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை எடுத்தார்.

உள்ளே சாம்பல் நிறத்தில் இறக்கையும் வயிறும் சக்கரமும் தனித்தனியாகக் குச்சிகளில் தொங்கின, கிளையில் இலை தொங்குகிற மாதிரி. கூடவே, எந்தத் துண்டு எங்கே போகும் என்று காட்டுகிற ஒரு தாள். தோல் நறுக்குகிற கத்தியால் அவர் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். ஒட்டுவதற்கு, ஷூவுக்கு அடி ஒட்டுகிற சொல்யூஷனைப் போட்டார். அது நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்ததே தவிரப் பிடிக்கவில்லை. சரி, துடைத்துவிட்டு மறுபடி போடலாம் என்று, பினிஷிங்கில் எதற்கும் செய்கிற மாதிரி, பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தார். பிளாஸ்டிக் இளகிப்போய் விரலோடு ஒட்டிக்கொண்டது. விரல் ரேகை ஒரு இறக்கையில் அச்சாக விழுந்துவிட்டது.

"அட, அப்ப இதுதான் இதுக்குப் பசை" என்றார், காலி வீட்டில் சத்தமாக. அதற்குப் பிறகு மெல்லிய பிரஷில் தின்னரைத் தொட்டு இணைப்பில் ஒரு கோடு இழுத்தால் போதும், இரண்டு துண்டும் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி சேர்ந்துவிடும். ஆனால் பழக்கம் யாரை விட்டது? விமானி உட்காரும் இடத்துக்கு மேலே வருகிற கண்ணாடி மூடியில் ஒரு அழுக்கு இருந்தது. அதையும் தின்னரால் துடைத்துவிட்டார். தண்ணீர் மாதிரி இருந்த மூடி, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நிமிஷம் வருத்தப்பட்டுவிட்டு, 'யார் உள்ளே எட்டிப் பார்க்கப் போகிறார்கள்' என்று அதையே ஒட்டினார்.

சாயங்காலம் வந்த ஹெலன் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாலே இல்லை. இறக்கை இரண்டும் பின்னால் மடங்கி, அரசிலையை நடுவில் மடித்த மாதிரி இருந்தது. அவள் தாளில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள்.

"ஏங்க, இத நெஜத்துல செய்யவே இல்லியாம்."

"இன்னா சொல்ற?"

"யுத்த காலத்துல படம் மட்டும் வரைஞ்சாங்களாம். செய்யறதுக்குள்ள யுத்தமே முடிஞ்சிடுச்சாம். ஒண்ணு கூட பறக்கலியாம். அதனால இதுல போட்டிருக்கிற கலரெல்லாம் உத்தேசமாதான்னு எழுதியிருக்கான். மேல பச்ச, கீழ லைட் ப்ளூ."

ஆபேல் தாளை வாங்கி, புரியாத எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப ஸ்வாட்ச் இல்ல" என்றார்.

"இன்னாங்க?"

"ஒரிஜினலே இல்லியே ஹெலன். எதோட வச்சி, சரியில்லன்னு சொல்லுவான்? இத ரிஜெக்ட் பண்ண ஒருத்தனும் பொறக்கல."

அவருடைய சந்தோஷம் ஹெலனுக்குப் பாதிதான் புரிந்தது. இத்தனை வருஷ வேலையில் ஆபேல் தானாக ஒரு நிறத்தையும் முடிவு செய்ததில்லை. எங்கோ ஒரு ஊரில் எவனோ விரும்பின நிறத்தைத்தான் அவர் திரும்பச் செய்துகொண்டிருந்தார். வீட்டுச் சுவருக்குக்கூட ஹெலன் சொன்ன பச்சைதான். இந்த ஒரு விமானத்தின் நிறம் அவர் சொல்வதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தச் சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு வருஷமாகவே கம்பெனி ட்யூப் லைட்டுகள் அவருக்குப் பிடிக்காமல் போயிருந்தன. வெளிச்சம் மஞ்சளாக வருகிறது என்று எலக்ட்ரீஷியனைப் பிடித்துக் கத்தினார். புது ட்யூப் போட்டார்கள், அதுவும் மஞ்சளாகவே எரிந்தது. வீட்டில் சோப்பு சரியில்லை, வெள்ளைச் சட்டை பழுப்பாகிவிட்டது என்றார். ஹெலன் சோப்பை மாற்றினாள். ஹைவேயில் எதிரே வருகிற லாரி லைட்டைச் சுற்றி ஒரு வட்டம் தெரிந்தது. அதற்கு லாரிக்காரர்களைத் திட்டினார். ஊரில் உள்ள விளக்கு, சோப்பு, லாரி எல்லாவற்றையும் மாற்றத் தயாராக இருந்தாரே தவிர, கண்ணைக் காட்டிக்கொள்ள மட்டும் அவர் தயாராக இல்லை. நேவி ப்ளூ கலக்கும்போது அது கறுப்பிலிருந்து எங்கே பிரிகிறது என்று தெரியாமல் அவர் கை டப்பா மேல் நின்றுவிடும். அந்த நேரத்தில் கேட்டருகே உள்ள ஸ்டூல் நினைவுக்கு வரும். பயம்தான், வேறென்ன? ஆனாலும் லாட்டுகள் போய்க்கொண்டே இருந்தன, எதுவும் திரும்பி வரவில்லை. அப்படியானால் கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமைகளில் விமானத்துக்கு வர்ணம் பூசினார். தின்னரிடம் பாடம் படித்திருந்ததால் தின்னர் கலந்த லாக்கர் வர்ணத்தின் பக்கமே போகவில்லை. தண்ணீரில் கலக்கிற தோல் கலரையும் அதைப் பிடித்து நிறுத்துகிற பைண்டரையும் சின்ன டப்பாக்களில் கேட்டு வாங்கி வந்திருந்தார். சோப்புப் போட்டு விமானத்தைக் கழுவி, வெல்வெட் துணி சுற்றிய ஒரு கட்டையால் மெல்லிசு மெல்லிசாக ஒற்றினார். மேலே இரண்டு பச்சை. அது நன்றாக வந்தது. பிறகு கவிழ்த்துப்போட்டு வயிற்றுக்கு நீலம்.

வெள்ளையில் நீலத்தைத் தொட்டார். மோர் மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டார். நீர்மோர். இன்னும் விட்டார். கிண்ணத்தை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துப் பார்த்து, நீலத்தை விட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் நினைத்தது வந்தது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, மலைக்கு மேலே சூரியன் வருவதற்கு முன்னால் இருக்கிற வானம். அதைத் தடவிக் காயவைத்து, மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு அழகாக எதையும் தான் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஹெலன் வந்து பார்த்தாள். "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

லீவுக்கு வந்த ரெனிட்டாவுக்கு அந்த நாசூக்கெல்லாம் இல்லை. விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள்.

"இன்னாப்பா இது, ரெனால்ட்ஸ் பேனா மூடி கலரு அடிச்சி வச்சிருக்கே?"

"பேனா மூடியா? லைட் ப்ளூம்மா அது."

"இதுவா லைட் ப்ளூ? நல்லா கண்ணப் பறிக்குதேப்பா. அம்மா, நீ சொல்லு."

அடுப்படியிலிருந்து பதில் வரவில்லை. பதில் வராததுதான் ஆபேலுக்கு உறைத்தது. ரெனிட்டாவும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "வெயில்ல அப்படித் தெரியுது போல" என்று மெதுவாகச் சொல்லி, விமானத்தை மேஜையில் வைத்தாள்.

வீட்டுப் பெண்களுக்குக் கலரைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆபேல் அப்படி நினைத்துப் பார்த்தார், அது மனதில் நிற்கவில்லை. மறுநாள் விமானத்தைத் துண்டில் சுற்றி, டிபன் பையில் வைத்துக் கம்பெனிக்கு எடுத்துப்போனார். இந்த ஊரில் கலர் தெரிந்த ஒருத்தரிடம் கேட்டுவிட்டால் தீர்ந்தது.

டீ நேரத்தில் மஹபூப் ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஆபேல் துண்டைப் பிரித்து, விமானத்தைக் கவிழ்த்து நீட்டினார்.

"பாய், இந்த அடி கலரு எப்படி இருக்குது?"

மஹபூப் பார்த்தார். டீயை ஒரு வாய் குடித்தார்.

"பிரமாதம் தோஸ்த். லைட் ப்ளூ. சரியா புடிச்சிருக்கே."

ஆபேலுக்கு மூச்சு வந்தது. சிரித்துக்கொண்டே விமானத்தைத் துண்டில் சுற்றப்போனவர் பாதியில் நின்றார். மஹபூப் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே இருந்தார். ஜன்னல் இதோ, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. இத்தனை வருஷத்தில் மஹபூப் ஒரு துண்டைக்கூட ஜன்னலுக்குக் கொண்டுபோகாமல் சரி என்று சொன்னதில்லை. பேரப்பிள்ளைக்குத் துணி எடுத்தால்கூடக் கடை வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பார்க்கிறவர் அவர்.

"பாய், நீ ஜன்னலுக்குப் போவலியே."

மஹபூப் கிளாஸுக்குள் பார்த்தார்.

"எப்பலருந்து?" என்றார் ஆபேல்.

"இன்னா எப்பலருந்து? டீ ஆறுது, குடி."

"மஹபூப். எப்பலருந்து என் கலர நீ சரி பண்ணிக்கினு இருக்கே?"

பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு மஹபூப் தலையைத் தூக்கினார். "நேவி மட்டும்தான் ஆபேலு" என்றார். "நேவியும் கொஞ்சம் கிரேயும். பிரவுன்ல இன்னிக்கும் உன்ன அடிச்சிக்க ஆளு இல்ல. போன பக்ரீதுக்கு முன்னாடி ஒரு நேவி குடுத்தே, அது கறுப்பாவே இருந்துச்சி. பக்கெட்ல கலக்கும்போது நானே சரி பண்ணி அடிச்சேன். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சி."

"என்கிட்ட சொல்லலியே நீ."

"எப்படி சொல்றது? கலர்காரன் கிட்ட போயி, உன் கண்ணு போச்சுன்னு எந்த வாயால சொல்றது? நீ தெனம் கன்னியப்பன் அண்ணனப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கினு வர்றத நான் பாக்கலியா?"

ஆபேலுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊரே சேர்ந்து தன்னைப் பொம்மை மாதிரி வைத்துக்கொண்டிருந்ததாகப் பட்டது. பிறகு, தான் சரி என்று நினைத்த ஒவ்வொரு லாட்டுக்குப் பின்னாலும் இந்த மனிதன் ஒரு கரண்டியோடு நின்றிருக்கிறான் என்பது புரிந்தபோது, கோபம் இறங்கிவிட்டது. ஆறிப்போன டீயைக் குடித்தார்.

"நான் முதலாளி கிட்ட போறேன் பாய்."

"பேஜார் பண்ணாத. நான் இருக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே."

நயீம் அகமது சின்ன வயசுக்காரர், அப்பாவுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர். ஆபேலை உட்காரச் சொன்னார். ஆபேல் நின்றுகொண்டே சொல்லி முடித்தார். மஹபூப் செய்ததையும் மறைக்கவில்லை. நயீம் மேஜை மேல் கிடந்த பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். அது நீல மூடி போட்ட வெள்ளைப் பேனா. ஆபேலின் கண் அந்த மூடியை விட்டு நகரவில்லை. இதுவா அந்த நீலம்? தன் விமானத்து வானமும் இதுவும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன, அந்த மூடியும் அவருக்கு வெளிர் நீலமாகவே இருந்தது.

"மொதல்ல வேலூர் போயி கண்ணக் காட்டுங்க" என்றார் நயீம். "ஆபரேஷன்னா பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் மஹபூப் பாய் பாக்கட்டும். வந்ததும் ஒரு நேவி கலந்து காட்டுங்க. அவர் சரின்னு சொன்னா உங்க மேஜை உங்களுக்கு. இல்லன்னா வேற எடம் பாத்துக்கலாம்."

வேற இடம் எது என்று ஆபேல் கேட்கவில்லை. அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போட இடம் இருக்கத்தான் செய்தது. அதைவிட இன்னொன்று அவரை அரித்தது. தீர்ப்புச் சொல்லப்போவது மஹபூப். தோஸ்துக்காக ஒரு வருஷமாகப் பொய் சொன்ன வாய். அவர் சரி என்று சொன்னால் அது கலரைப் பார்த்துச் சொன்ன சரியா, முகத்தைப் பார்த்துச் சொன்ன சரியா?

வேலூரில் கண் டாக்டர் ஒரு இளம்பெண். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்லயும் புரை. நல்லா பழுப்பேறிப் போச்சு. நீலமெல்லாம் சரியா தெரிஞ்சிருக்காதே, இவ்ளோ நாள் கலர் வேலை எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

"மஹபூப் பாஷான்னு ஒருத்தர் இருக்கார் டாக்டர்" என்றார் ஆபேல். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஹெலன் குனிந்துகொண்டாள்.

உள்ளே இருக்கிற லென்ஸ் மங்கிவிட்டது, அதை எடுத்துவிட்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் லென்ஸ் வைப்போம், முதலில் வலது கண், கொஞ்ச நாள் கழித்து இடது கண் என்று டாக்டர் விளக்கினாள். வெளியே வந்ததும் ஆபேல் மனைவியிடம், "பிளேன் மூடிய தின்னர் வச்சித் தொடச்சேன் பாரு, அந்த மாதிரிதான். மூடிய மட்டும் மாத்தப் போறாங்க" என்றார். அன்று காலையிலிருந்து ஹெலன் சிரித்தது அப்போதுதான்.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தபோது அவர் முதலில் பார்த்தது நர்சின் புடவையை. அப்படி ஒரு வெள்ளையை அவர் மறந்தே போயிருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸில் வரும்போது திருட்டுத்தனமாக அதை மேலே தூக்கித் தூக்கிப் பார்த்தார். போர்டுகள், வேட்டிகள், பாலாற்று மணல், மலை, எல்லாவற்றையும் யாரோ கழுவி வைத்த மாதிரி இருந்தது. சோப்புக்காரர்களிடமும் லாரிக்காரர்களிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் விமானத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அடேயப்பா! பேனா மூடி என்று மகள் மரியாதையாகத்தான் சொல்லியிருந்தாள். கூச்சல் போடுகிற நீலம். எந்த நாட்டு விமானமானாலும் இப்படி ஒரு வயிற்றோடு வானத்தில் போனால் பத்து மைல் தூரத்திலேயே சுட்டு வீழ்த்திவிடுவார்கள். ஆபேல் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எதற்கோ வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார்.

அங்கே அந்த வானம் அப்படியே இருந்தது. மழை ஓய்ந்த காலை, மலைக்கு மேலே, மெல்லிசாக. கையை எடுத்தால் கூச்சல், பொத்தினால் வானம். எடுத்தும் பொத்தியும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நாளில் இடது கண்ணுக்கும் மூடியை மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்த வானத்தைப் பார்க்க உலகத்தில் ஒரு கண்ணும் இருக்காது. அவருக்குத் துக்கமாக இருந்தது. ஒரு பொம்மைக்காகவா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

"வேற பெயிண்ட் அடிச்சிடுறீங்களா?" என்றாள் ஹெலன்.

"வேணாம். எடது கண்ணுக்கு சரியாத்தான் இருக்குது."

டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, டிபன் பையில் விமானத்தையும் வைத்துக்கொண்டு போனார். கேட்டில் கன்னியப்பன், "இன்னிக்கு இன்னா கலரு ஆபேலு?" என்றார். "நேவிண்ணே" என்று ஆபேல் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கன்னியப்பனின் கண்களில் சாம்பல் படிந்திருந்ததை அவர் அன்றுதான் பார்த்தார். "உங்கள ஒரு நாள் வேலூர் கூட்டிக்கினு போறேன்ணே, ரெடியா இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மேஜையில் புது ஸ்வாட்ச் இருந்தது. ஆபேல் டப்பாக்களைத் திறந்தார். கலந்தார், தடவினார், காயவைத்தார், ஜன்னலுக்குப் போனார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். கறுப்பு இல்லை, நேவிதான். ஆனால் கொஞ்சம் உயிர் குறைவாக, பச்சைப் பக்கம் சாய்ந்து இருந்தது. ஒரு சொட்டு சிவப்பு போட்டால் எழுந்துவிடும். போடுவதற்குக் கை போனது. போடவில்லை. குறை இருக்கிற கலருக்குப் பாய் வாயில் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். அப்படியே கொண்டுவந்து, டிரம் மேல் உட்கார்ந்திருந்த மஹபூபிடம் தோலையும் ஸ்வாட்சையும் நீட்டினார்.

"பாரு பாய்."

மஹபூப் இரண்டையும் கையில் வாங்கினார். ஆபேல் முகத்தைப் பார்த்தார். மேஜை மேல் கவிழ்ந்து கிடந்த விமானத்தின் பேனா மூடி வயிற்றைப் பார்த்தார். வாயைத் திறக்கப்போகிறார் என்று ஆபேல் நினைத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சரி என்று சொல்லிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. மேஜை கிடைத்துவிடும், ஆனால் அது தன்னுடைய மேஜையாக இருக்காது.

மஹபூப் எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். மடக்கிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அவசரமே படவில்லை. ஸ்ப்ரே மெஷின்காரர்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரிஜெக்ட்" என்றார். "சேப்பு கம்மி தோஸ்த்."

ஆபேலுக்கு இரண்டு கண்ணிலும் நீர் தளும்பியது. மருந்து விட்ட கண் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு, சட்டைக் கையால் துடைக்கப்போனார். துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"எந்தச் சேப்பு?" என்றார்.

"தெரியாத மாதிரி கேக்குறியே" என்று மஹபூப் தோலை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

ஆபேல் சிவப்பு டப்பாவைத் திறந்தார்.